க்ரீம் ஊற்றியது குற்றமா?

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, நியூ ஜெர்சியில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, வீட்டில் மாட்டிறைச்சி ஸ்டேக்கும், க்ரீமும் சீஸும் சேர்த்த பாஸ்தாவும் சமைத்தேன். உண்ண வந்திருந்தவர் என் நெடுநாளைய நண்பர். நல்ல வாசகர். உலக இலக்கியம் குறித்து மணிக்கணக்கில் பேசக்கூடியவர். இரண்டு முறை இத்தாலி போய்வந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றிரவு நடந்தவற்றுக்கு அதுவே மூலகாரணம்.

தட்டை முன்னால் வைத்ததும் முள்கரண்டியால் பாஸ்தாவில் ஒரு நாடாவைத் தூக்கிப் பார்த்தார்.

"இதில் க்ரீம் ஊற்றியிருக்கிறீர்களா?"

"ஆமாம்."

"அப்படியானால் இது ஆல்ஃப்ரெடோ இல்லை. ரோமில் இதைக் கொண்டுவந்து வைத்தால் எழுந்து போய்விடுவார்கள்."

அதோடு விட்டாரா என்றால், இல்லை. இறைச்சித் துண்டைக் கத்தியால் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை ஒரே ஒரு முறைதான் திருப்பவேண்டும். எடுத்த எடுப்பிலேயே பெருந்தீயில் வைத்துச் சாற்றை உள்ளே பூட்டிவிட வேண்டும். நீங்கள் சப்பாத்தி மாதிரி திருப்பித் திருப்பிப் போட்டதைப் பார்த்தேன்" என்றார். இரண்டாம் முறையாகப் பாஸ்தாவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த என் மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, நாம சாப்பிடறது தப்பான பாஸ்தாவா?" என்று கேட்டாள்.

வந்தவரை உபசரிக்கும் கடமை இருந்ததால் அன்று சிரித்து மழுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ருசித்து உண்டுகொண்டிருந்த ஒரு குழந்தையை, அந்த உணவுக்குச் சான்றிதழ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கரண்டியைக் கீழே வைக்கச் செய்யும் மனநிலைக்கு ஒரு பெயர் உண்டு. தூய்மைவாதம். இலக்கியத்திலும் மொழியிலும் அதை எதிர்த்து நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். சாப்பாட்டு மேசையில் அது வந்து உட்கார்ந்தால் மட்டும் அதை ரசனை என்று அழைக்கிறோம். இக்கட்டுரை அதற்கான மறுப்பு.

*

முதலில் க்ரீம். ஆல்ஃப்ரெடோ என்பது ஒரு மனிதரின் பெயர். ஆல்ஃப்ரெடோ தி லெலியோ ரோமில் உணவகம் நடத்தியவர். 1908இல் மகன் பிறந்தபின் உடல் தளர்ந்திருந்த மனைவிக்காக வெண்ணெயும் பார்மிஜானோவும் மிகுதியாகச் சேர்த்து அவர் செய்த ஃபெட்டுச்சினியே இந்த உணவின் தொடக்கம் என்பது அக்குடும்பத்தார் சொல்லும் வரலாறு. 1920இல் தேனிலவுக்கு ரோம் வந்த ஹாலிவுட் நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸும் அதில் மயங்கினார்கள். பிற்பாடு அவருக்குத் தங்கத்தில் கரண்டியும் முள்கரண்டியும் பரிசளித்தார்கள். அமெரிக்காவில் இந்தப் பெயர் பரவியதற்கு இந்த விளம்பரம் ஒரு முக்கியக் காரணம். அங்கே வீட்டுக்கு வீடு, உணவகத்துக்கு உணவகம் கைமாறியபோது க்ரீம் சேர்ந்துகொண்டது.

ஆக, நண்பர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. ஆல்ஃப்ரெடோவின் தட்டில் க்ரீம் கிடையாது. ஆனால் அங்கே நின்றுவிடுவானேன்? பாஸ்தாவில் வெண்ணெயும் சீஸும் போடுவதை ஆல்ஃப்ரெடோ கண்டுபிடிக்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் மார்ட்டினோ என்ற சமையற்கலைஞர் எழுதிய நூலிலேயே ரோமானிய மக்கரோனிக்கு வெண்ணெயும் சீஸும் நறுமணப் பொடியும் சேர்க்கும் முறை உள்ளது. தூய்மையின் அளவுகோல் பழமை என்றால், ஆல்ஃப்ரெடோவே நறுமணப் பொடியைத் திருடிவிட்ட குற்றவாளி ஆகிறார். எந்த நூற்றாண்டில் வரலாற்றை நிறுத்திக்கொள்வது என்பதைத் தூய்மைவாதி தன் வசதிக்கேற்பத் தீர்மானிக்கிறார். அவர் நிறுத்தும் இடம் பெரும்பாலும் அவர் சுற்றுலா போன வருடமாக இருப்பது தற்செயல் அல்ல.

இதைவிடச் சுவையான கதை கார்போனாராவுடையது. அதில் க்ரீம் ஊற்றுவது இன்று இத்தாலியில் தேசத்துரோகத்துக்கு அடுத்தபடி வைத்துப் பேசப்படுகிறது. முட்டை, பெக்கோரினோ, மிளகு, பன்றியின் தாடைப்பகுதிக் கொழுப்பான குவாஞ்சாலே. இவை தவிர வேறெதுவும் கூடாது என்கிறார்கள். ஆனால் 1891இல் வெளிவந்த பெல்லெகிரினோ அர்த்தூசியின் சமையல் நூலில், இத்தாலிய வீட்டுச் சமையலின் அடித்தளம் என்று கொண்டாடப்படும் அந்த நூலில், கார்போனாரா என்ற ஒன்றே இல்லை. இதுவரை தெரியவந்துள்ள மிகப் பழைய செய்முறைகளில் ஒன்று 1952இல் சிகாகோவில் அச்சான ஓர் உணவகக் கையேட்டில் இருக்கிறது. இத்தாலியின் 'லா குசீனா இத்தாலியானா' இதழ் 1954இல் வெளியிட்ட செய்முறையில் பூண்டும், ஸ்விட்சர்லாந்தின் குருயேர் சீஸும் உண்டு. மிஷ்லின் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்ற முதல் இத்தாலியச் சமையற்கலைஞரான குவால்தியேரோ மார்க்கேசியே 1980களில் தம் கார்போனாராவில் க்ரீம் சேர்த்தவர்தான். பார்மா பல்கலைக்கழகத்தின் வரலாற்றாசிரியர் அல்பெர்த்தோ கிராந்தி, இத்தாலியர்கள் தொன்மையானவை என்று போற்றும் உணவுகள் பலவும் இரண்டாம் உலகப்போருக்குப் பின் உருவானவை என்று 2023இல் ஒரு பேட்டியில் சொன்னபோது அங்கே எழுந்த கொந்தளிப்பு நினைவிருக்கலாம். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் தேதிகளுக்குப் பதில் தேதிகளால் சொல்லப்பட வேண்டும், கோபத்தால் அல்ல.

அர்த்தூசியைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் தொழில்முறைச் சமையற்காரர் அல்ல. வணிகர், இலக்கிய ஆர்வலர். கவிஞர் ஃபோஸ்கோலோவின் வாழ்க்கையை எழுதியவர். அந்த நூல்களை இன்று யாரும் தேடிப் படிப்பதில்லை. பதிப்பாளர்கள் கைவிட, சொந்தக் காசில் அச்சிட்ட சமையல் நூலே அவரை நிலைநிறுத்தியது. ஒவ்வொரு பதிப்பிலும் செய்முறைகளைக் கூட்டிக்கொண்டே போனார். முடிந்துபோன மரபைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர் செய்யும் காரியம் அல்ல இது.

*

"சாப்பாட்டு விஷயத்தில் இவ்வளவு ஆவேசம் தேவையா?" என்று கேட்கலாம். தேவை என்றே நினைக்கிறேன்.

1972இல் பொலோஞ்ஞா நகரின் வர்த்தகச் சபையில் தங்கத்தால் செய்த ஒரு தாலியாத்தெல்லே நாடா வைக்கப்பட்டது. வெந்த நாடாவின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதாவது அந்நகரின் அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு. இதைக் கேட்டுப் புன்னகைக்கலாம். ஊர்ப்பெருமையின் விளையாட்டு என்று விட்டுவிடலாம். ஆனால் அதே பொலோஞ்ஞாவில் 2019இல், காவல்புனிதர் பெத்ரோனியோவின் திருவிழாவில், பன்றியிறைச்சி உண்ணாதவர்களும் உடன் உட்கார்ந்து உண்ணட்டும் என்று விழாக் குழுவினர் வழக்கமான தொர்த்தெல்லினியோடு கோழியிறைச்சி வைத்த தொர்த்தெல்லினியையும் கொடுக்க முன்வந்தார்கள். பழையதை யாரும் எடுத்துவிடவில்லை. பக்கத்தில் இன்னொரு தட்டு, அவ்வளவுதான். அதற்குச் சில வாரங்கள் முன்புவரை உள்துறை அமைச்சராக இருந்த மத்தேயோ சல்வீனி, இது நம் வரலாற்றையும் பண்பாட்டையும் அழிக்கும் முயற்சி என்று கொதித்தார். தங்க நாடா விளையாட்டு போய்ச் சேரும் இடம் இது. உணவின் தூய்மை பற்றிப் பேசத் தொடங்குகிறவர்கள், பந்தியில் யார் உட்காரலாம் என்ற பேச்சில்தான் வந்து முடிகிறார்கள்.

நமக்கு இதை இத்தாலி வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த வீட்டுப் பாத்திரத்தில் கிடப்பது என்ன இறைச்சி என்று எட்டிப் பார்க்கும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2015இல் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியில் நாம் பார்த்துவிட்டோம். க்ரீமைக் குறைசொன்ன என் நண்பரை அந்தக் கூட்டத்தோடு சேர்ப்பது அநியாயம், சேர்க்கவும் இல்லை. அவர் தாத்ரிக்காகக் கண்ணீர் விட்டவர். அதனால்தான் இதை அவரிடமே சொல்ல விரும்புகிறேன். பெரிய தீமைகளை வெறுப்பது எளிது. அவற்றின் சிறிய, படித்த, நாகரிகமான வடிவங்களை நம்மிடமே கண்டுகொள்வது கடினம்.

பாஸ்தாவே இத்தாலியின் ஆன்மா என்பதும் எல்லாக் காலத்திலும் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை அல்ல. ஃபியூச்சரிசக் கவிஞர் மாரினெத்தி 1930 டிசம்பரில் வெளியிட்ட சமையல் அறிக்கையில் பாஸ்தாவையே ஒழிக்க வேண்டும் என்றார். அது இத்தாலியர்களை மந்தமாக்குகிறதாம். பாசிசத்தோடு கைகோத்த அந்தக் கவிஞருக்குத் தேசத்தின் பெயரால் பாஸ்தா வேண்டியிருக்கவில்லை. இன்றுள்ள தேசியவாதிகளுக்குத் தேசத்தின் பெயரால் அதே பாஸ்தா வேண்டியிருக்கிறது. பாஸ்தா அப்படியேதான் இருக்கிறது. கொதிநீரில் பத்து நிமிடம் வெந்தால் போதும் அதற்கு.

நம் பக்கமும் இதே கதைதான். 1498க்குப் பிறகு போர்த்துகீசியர் கப்பல்களில் வந்திறங்கிய மிளகாய் இல்லாமல் நம் 'பாரம்பரியச் சமையல்' எதுவும் அடுப்பேறுவதில்லை. வந்தேறிய அந்தக் காய்க்கு மிளகின் பெயரையே கொடுத்து வீட்டுப்பிள்ளை ஆக்கிக்கொண்ட மொழி நம்முடையது. ஃபுளோரன்ஸ் நகரத்தாரும் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் உயிராய் மதிக்கும் 'பிஸ்தெக்கா', ஆங்கிலத்தின் 'பீஃப் ஸ்டேக்' என்ற சொல்லின் இத்தாலிய உச்சரிப்பு. அர்த்தூசியே அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

*

நண்பரின் இரண்டாவது குற்றச்சாட்டு, சாற்றைப் பூட்டுவது. தூய்மைவாதத்துக்கு மரபின் முகம் மட்டுமல்ல, அறிவியலின் முகமூடியும் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பெருந்தீயில் மேற்புறம் இறுகி ஓடுபோல் மூடிக்கொள்ளும், சாறு உள்ளேயே நிற்கும் என்ற கருத்தைப் பரப்பியவர் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக், 1847 வாக்கில். பெரிய அறிஞர் சொன்னதால் சமையல் நூல்கள் அப்படியே பிரதியெடுத்தன. ஹெரால்ட் மக்கீ 1984இல் தம் நூலில் இதைத் தெளிவாக மறுத்தார். அவருடைய வாதத்தைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம், காது போதும். மேற்புறம் சிவந்தபின்னும் சட்டியில் 'சொய்ங்' என்ற ஓசை நிற்பதில்லை அல்லவா? அது வெளியேறும் சாறு ஆவியாகும் ஓசை. பூட்டு இருந்தால் ஓசை ஏது? ஒவ்வொரு முறை ஸ்டேக் வறுக்கும்போதும் சட்டி இந்த உண்மையை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு பெரும்பாலோர் அதைக் கேட்கவில்லை. புத்தகத்தில் வேறு எழுதியிருந்ததே.

அப்படியென்றால் மேற்புறத்தை எதற்காகச் சிவக்க வறுக்கிறோம்? ருசிக்காக, மணத்துக்காக. புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்கும் வினையை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயார். அந்த வினை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேகம் பிடிக்கும். மேற்புறம் ஈரமாக இருந்தால் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே துடைத்து உலர்த்துவதுதான் முதல் வேலை. அடிக்கடி திருப்புவதாலும் கெடுதல் இல்லை. இரு பக்கமும் சீராக வேகும், சற்று விரைவாகவும் வேகும். சப்பாத்தி போடும் கைக்கு இது புதிதல்ல.

*

இங்கே என் தரப்புக்காரர்களோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. தூய்மைவாதத்தை எதிர்த்ததும் ஒரு கூட்டம் கைதட்டிக்கொண்டு வரும். "எல்லாம் ருசிதான் சார், எப்படிச் செய்தாலும் சரிதான்." இல்லை. எப்படிச் செய்தாலும் சரியல்ல. மரபுக்கவிதையின் விலங்கை உடைத்தோம் என்று சொல்லிக்கொண்டு உடைந்த வாக்கியங்களை அடுக்குகிறவர்களைப் போன்றவர்கள் இவர்கள். உறைந்த இறைச்சியைச் சூடேறாத சட்டியில் போட்டு, சாம்பல் நிறத்தில் அவித்தெடுத்து, அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்க முடியாது. கொதிக்கும் க்ரீமில் சீஸைக் கொட்டி, அது திரிதிரியாகிப் பந்தாக உருண்டபின் "எங்கள் வீட்டு முறை" என்று சொல்வதும் அப்படித்தான். ரோமுக்குக் கட்டுப்பட வேண்டாம். அடுப்புக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும்.

சீஸ் ஏன் திரிகிறது? அதிக வெப்பத்தில் அதிலுள்ள பால்புரதங்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு நீரையும் கொழுப்பையும் வெளியே தள்ளிவிடுகின்றன. பாஸ்தா வெந்த நீரிலுள்ள மாவுப்பொருள் இடையில் புகுந்து அவற்றைப் பிரித்து வைக்கிறது. க்ரீம் செய்வதும் ஏறக்குறைய இதுவே: அதன் நீரும் கொழுப்பும் புரதத்தை நெருக்கமின்றிப் பரப்பி வைக்கின்றன. 2025இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் குழு ஒன்று, பெக்கோரினோவும் மிளகும் மட்டும் சேர்ந்த 'காச்சோ எ பேப்பே' ஏன் கட்டிதட்டுகிறது என்று ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டது. சீஸின் எடையில் 2 முதல் 3 விழுக்காடு மாவுப்பொருள் இருந்தால் கட்டிதட்டாது என்பது அவர்கள் கண்டது. அதை நிச்சயப்படுத்த, மாவைத் தனியே நீரில் கரைத்துச் சேர்க்கலாம் என்றார்கள். அவ்வாண்டின் இக்-நோபல் பரிசும் அதற்குக் கிடைத்தது. இத்தாலியின் இயற்பியலாளர்களே மாவு கரைக்கலாம் என்னும்போது, நியூ ஜெர்சியில் நான் க்ரீம் ஊற்றுவது மட்டும் எப்படிக் குற்றமாகும்? உணவகத்தில் தட்டு பத்து வினாடியில் மேசைக்கு வந்துவிடும். என் வீட்டில் ஒருவர் கைகழுவப் போவார், ஒருவர் தொலைபேசியில் இருப்பார். க்ரீம் அந்த ஐந்து நிமிடத்தைத் தாங்கும்.

அன்று நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். 4 செ.மீ. கனமுள்ள துண்டுகள். சமைப்பதற்கு முக்கால் மணி நேரம் முன் உப்பு தடவி வைத்தேன். முதலில் நீர் விட்டு, பிறகு அந்த நீரைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும். நன்றாகத் துடைத்து, புகை கிளம்பும் வார்ப்பிரும்புச் சட்டியில் இட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பினேன். கடைசியில் வெண்ணெயும் நசுக்கிய பூண்டும். நடுப்பகுதி 54 டிகிரியை எட்டும்போது எடுத்துவிடுவது என் வழக்கம். அமெரிக்க வேளாண் துறை 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் பரிந்துரைக்கிறது, முதியவர்களும் கருவுற்றவர்களும் அதையே பின்பற்றுவது நல்லது. வெட்டும்போது வழியும் சிவப்பு நீரைக் கண்டு நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். அது ரத்தம் அல்ல, தசையிலுள்ள மயோகுளோபின் கலந்த நீர்.

இறைச்சி ஓய்வெடுக்கும் நேரத்தில் பாஸ்தா. நால்வருக்கு 400 கிராம் ஃபெட்டுச்சினி. அகன்ற பாத்திரத்தில் 50 கிராம் வெண்ணெயும் 250 மி.லி. க்ரீமும் மெல்லச் சூடேறியதும், சற்று விறைப்பாகவே வெந்த பாஸ்தாவை ஒரு குவளை வெந்நீரோடு சேர்த்தேன். பிறகு அடுப்பை அணைத்தேன். அணைத்த பின்னரே மெல்லத் துருவிய 120 கிராம் பார்மிஜானோ, கைப்பிடி கைப்பிடியாக. துருவியே விற்கும் பொட்டலங்களில் ஒட்டாமலிருக்க மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், வழவழப்பு வராது. இவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, ஒன்றுக்கும் சான்றிதழ் இல்லை.

*

தூய்மைவாதியின் கையில் உள்ள ஒரே நல்ல வாதத்தையும் பார்த்துவிடுவோம். வரையறை வேண்டாமென்றால் போலிகள் பெருகாதா? பெருகும். எனவேதான் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயருக்கு ஐரோப்பாவில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. குறிப்பிட்ட நிலப்பகுதியில் செய்து, குறைந்தது 12 மாதம் முதிரவைத்த பின்பே அந்தப் பெயரை இடமுடியும். 'பர்மேசான்' என்ற சொல்லும் அதையே நினைவூட்டுகிறது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் கூறியது. இதை முழுமனதாக ஆதரிக்கிறேன். அது பண்ணையாளரின் உழைப்பையும் வாங்குபவரின் பணத்தையும் காக்கிறது.

ஆனால் அது விற்பவருக்கான சட்டம். பொட்டலத்தின் மீது பொய் எழுதாதே என்பது அதன் பொருள். வீட்டில் சமைப்பவர் யாருக்கும் எதையும் விற்கவில்லை. பசித்து வந்தவர்களுக்கு, இருப்பதைக் கொண்டு, தெரிந்த அளவில் பரிமாறுகிறார். சந்தையின் சட்டத்தை அந்தச் சமையலறைக்குள் தூக்கிக்கொண்டு வருகிறவர், அடுப்பருகே ஒரு நாளும் நின்றறியாதவராகவே பெரும்பாலும் இருக்கிறார். என் நண்பர் வாழ்நாளில் ஒரு வேளைச் சோறு வடித்ததில்லை. அவர் வீட்டில் முப்பதாண்டுகளாகச் சமைத்துவரும் அவருடைய மனைவி அன்று எதுவும் சொல்லாமல் இரண்டாம் தட்டு வாங்கிக்கொண்டார். பாத்திரங்களை எடுத்து வைக்கும்போது மட்டும் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார், "சீஸ் போடறதுக்கு முன்னாடி அடுப்பை அணைச்சீங்க இல்ல?" அன்றிரவு அந்த மேசையில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது.

மகளுக்கு மறுநாள் பதில் சொன்னேன். தப்பான பாஸ்தா உண்டு. வேகாதது, குழைந்தது, உப்பில்லாதது, சீஸ் கட்டிதட்டியது; இவையெல்லாம் தப்பானவை. அடுத்த சனிக்கிழமை அவளே சமைப்பதாகச் சொன்னாள். சமைத்தாள். க்ரீம் என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினாள். நண்பரையும் அழைத்திருந்தோம், வந்திருந்தார். இம்முறை நாடாவைத் தூக்கிப் பார்க்கவில்லை.